எடைக்குப் போடும் முன் ஒரு வாரம் பொறுங்கள்: பூங்கா நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் நிர்வாகத்தினருக்கும், தீவுத்திடல், தமுக்கம் மாதிரி இடங்களில் பொருட்காட்சிக்கு ராட்டினம் போடும் காண்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பூங்காவில் ஒரு பழைய ரைடைக் கழற்றப் போகிறீர்கள், பழைய போர்டை இறக்கப் போகிறீர்கள், ஆபீஸ் இடம் மாறும்போது பீரோவில் கிடக்கும் டிக்கெட் கட்டுகளையும் போட்டோக்களையும் வெளியே தள்ளப் போகிறீர்கள் என்றால், காயலான் கடைக்காரருக்கு போன் போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு இடத்துக்கும் சொல்லிவிடுங்கள். இவற்றைச் சேர்த்து வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சொன்னாலும் சரி, ஏதாவது அருங்காட்சியகத்துக்கோ ஆய்வு நூலகத்துக்கோ சொன்னாலும் சரி. ஒரு வாரம் போதும், அதற்குமேல் உங்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

நாங்கள் என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் கிடையாது. பழைய பூங்கா டிக்கெட், கீ செயின் போட்டோ, மடிப்பு விளம்பரத் தாள், ரைடு பெயர்ப்பலகை, பொம்மைத் தலை என்று கிடைத்ததைச் சேர்த்து வைத்து, ஒருவரிடம் இரண்டு இருந்தால் இன்னொருவருக்குக் கொடுத்து, தேதி தெரியாததற்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் சிலர், அவ்வளவுதான். வீட்டில் இடம் இல்லை என்று திட்டு வாங்குகிறவர்கள்தான் எங்களில் அதிகம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு பூங்கா, பெயர் வேண்டாம், குழந்தைகள் பகுதியை மொத்தமாக மாற்றியது. அங்கே இருந்த வாத்துப் படகுகள், யானை ராட்டினம், வாய் பிளந்த டிராகன் ரயில் எல்லாம் எனக்குத் தெரிந்த எல்லோருடைய ஆல்பத்திலும் இருக்கிறவை. செய்தி தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது இரும்பெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. ஃபைபர் யானைகளை உடைத்து மதில் சுவர் ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். காவலாளி அண்ணன் நல்ல மனிதர், "இதை யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க சார், கொளுத்தச் சொல்லியிருக்காங்க" என்றார். ஒரு காதும் கொஞ்சம் தும்பிக்கையும் என்னிடம் இருக்கின்றன. உடைந்த விளிம்பில் பார்த்தால் மேலே நீலம், அதற்குக் கீழே ரோஸ், அதற்கும் கீழே ஒரு வெளிர் சாம்பல், அடுக்கடுக்காகத் தெரிகிறது. சாம்பல்தான் முதலில் அடித்த நிறம். முழு யானையும் இருந்திருந்தால் அந்தப் பூங்கா எந்தக் காலத்தில் எந்த நிறத்தில் இருந்தது என்று பழைய போட்டோக்களோடு வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காயலான் கடையில் காசு கிடைப்பது இரும்புக்கும் மோட்டாரில் இருக்கும் செம்புக்கும்தான். ஃபைபர் கிளாஸை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, அதனால் அதை எடைக்கு எடுக்க யாரும் வருவதில்லை. யானை, வாத்து, டிராகன், கோமாளி முகம் என்று ஜனங்கள் நினைவில் வைத்திருப்பதெல்லாம் அந்த ஃபைபர்தான். உங்களுக்குப் பத்து பைசா பெறாத பொருள், அப்புறப்படுத்தவே கூலி கொடுக்க வேண்டிய பொருள், அதைத்தான் கேட்கிறோம். இரும்பை நீங்கள் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய சாமான்தான் வேண்டும் என்பதில்லை. ரைடு வாசலில் நிற்கும் உயரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குரங்கோ கரடியோ கையை நீட்டிக்கொண்டு நிற்கும், "இந்த உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கும். என்னிடம் இருப்பது தகரத்தில் கையால் வரைந்தது. எனாமல் பெயின்ட், கரடியின் கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, எழுத்துக்குக் கீழே பென்சிலில் போட்ட கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. கரடியின் கைக்குக் கீழே மட்டும் பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளக்கிறது, அத்தனை பிள்ளைகள் அங்கே தலையை உரசி எம்பிப் பார்த்திருக்கிறார்கள். வரைந்தவர் கையெழுத்துப் போடவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இந்த மாதிரிப் பலகைகள் எல்லாப் பூங்காவிலிருந்தும் ஒரே வேகத்தில் காணாமல் போயின. பூங்காவில் பொம்மை செய்தவர்கள், போர்டு எழுதியவர்கள், சுதை வேலை பார்த்தவர்கள் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. உங்கள் பழைய வவுச்சர் ஃபைலில் இருக்கலாம். அந்த ஃபைலும் எனக்கு யானை அளவுக்கு முக்கியம்.

அப்புறம் ரைடின் நேம் பிளேட். அடிச்சட்டத்தில் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. செய்த கம்பெனி, ஊர், வரிசை எண், வருடம், எத்தனை பேர் ஏறலாம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று ஒரு ரைடின் ஜாதகமே அதில் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பூங்காவில் ஓடி, கைமாறி நம் ஊருக்கு வந்த ரைடா, இங்கேயே பட்டறையில் பார்த்துச் செய்ததா என்பதை அந்தத் தகட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். கழற்றுகிறவர்கள் முதலில் கட்டிங் டார்ச் வைப்பது அந்த அடிச்சட்டத்தில்தான். தகடு அதோடு சேர்ந்து உலைக்குப் போய்விடுகிறது. நான்கு ரிவெட்டை உளியால் தட்ட ஐந்து நிமிடம் ஆகாது.

டிக்கெட்டும் அப்படித்தான். ஜிஎஸ்டி வந்தபோது, 2017 ஜூலையில், பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில் அது 18 ஆனது. அந்தச் சில மாதங்களின் டிக்கெட் ஒன்று கையில் இருந்தால் ஒரு நடுத்தரக் குடும்பம் பூங்காவுக்குப் போக யோசித்த காலத்தின் கணக்கு கையில் இருக்கிற மாதிரி. ஆனால் அவையெல்லாம் மை இல்லாமல் சூட்டில் எழுத்து வரும் தெர்மல் தாளில் அச்சானவை, இப்போதே பாதிக்கு மேல் வெளுத்துப்போய் வெறும் காகிதமாக இருக்கின்றன. தொண்ணூறுகளின் அச்சு டிக்கெட் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது, 2017 டிக்கெட்டைப் படிக்க முடியவில்லை. அதனால் பழையது மட்டும்தான் அவசரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் பூங்காக்களுக்கு என்ன பெரிய சரித்திரம் என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச் எழுபதுகளில் வந்தது. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தார் ஆரம்பித்தது. அங்கே வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயலாத சென்னைப் பிள்ளை உண்டா? அந்தச் சீருடையில் ஒன்று, எந்த வருடம் தைத்தது என்ற குறிப்போடு, ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் அதைப் பார்க்க நான் டிக்கெட் எடுத்து வருவேன். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995இல் திறந்தது. அதை உருவாக்கிய நவோதயா அப்பச்சன்தான் 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான மை டியர் குட்டிச்சாத்தானைத் தயாரித்தவர். ஒரு சினிமா தயாரிப்பாளர் பூங்கா கட்டினால் அதன் வரைபடமும் மாதிரிகளும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே 1984 நவம்பரில்தான் டெல்லியில் அப்பு கர் திறந்தது, ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பெயரில். 2008இல் மூடி, இடம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குப் போனது. டெல்லியில் வளர்ந்த ஒரு தலைமுறையே அந்தப் பெயரைச் சொன்னால் உருகுகிறது, ஆனால் பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த மங்கலான போட்டோக்களைத் தவிர அவர்கள் காட்டும்படி கையில் எதுவும் இல்லை.

இன்னும் பின்னால் போனால் மனசு கனத்துப்போகிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் பார்க் ஃபேர் என்று பெரிய கேளிக்கைச் சந்தை நடந்தது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். சென்னையின் மிகப்பெரிய விபத்துகளில் அது ஒன்று, இன்றைக்கு அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? கேளிக்கைதானே என்று எந்தக் காலத்திலும் யாரும் சேர்த்து வைக்கவில்லை, அதனால் அங்கே நடந்த துக்கமும் சேர்ந்து மறந்துபோனது.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நல்லதும் கெட்டதும் உண்டு. 1907இல் ஜெர்மனியில் ஹூகோ ஹாஸே செய்த ஒரு குதிரை ராட்டினம், எல் டொராடோ என்று பெயர், 1911இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்குப் போய் ஸ்டீபிள்சேஸ் பூங்காவில் ஓடியது. 1964இல் அந்தப் பூங்கா மூடியது. இடத்தை வாங்கிய ஃப்ரெட் டிரம்ப், இப்போதைய அமெரிக்க அதிபரின் அப்பா, 1966இல் இடிப்பதற்கே ஒரு விழா வைத்து, வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து, அதன் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்தின் மேல் எறியச் சொன்னார். ராட்டினம் மட்டும் தப்பித்து ஜப்பான் போய், 1971 முதல் டோக்கியோவின் தோஷிமாஎன் பூங்காவில் சுற்றியது. 2010இல் ஜப்பானின் இயந்திரப் பொறியியல் சங்கம் அதை இயந்திரப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பொறியாளர்கள் ஒரு குதிரை ராட்டினத்தைத் தங்கள் துறையின் சொத்தாக ஏற்றுக்கொண்டார்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். 2020இல் தோஷிமாஎன் மூடியபோது அதை யாரும் உடைக்கவில்லை, பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள்.

சிங்கப்பூர் நம்மவர்களுக்குப் பழகிய ஊர். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் 1923இல் தொடங்கிய நியூ வேர்ல்டு பூங்கா 1987இல் மூடியது. அந்த இடத்தில் இப்போது பெரிய வணிக வளாகம் நிற்கிறது. ஆனால் நியூ வேர்ல்டு என்று எழுதிய நுழைவாயிலை வைத்திருக்கிறார்கள். மொத்தப் பூங்காவில் ஒரே ஒரு வாசல், அது போதும், தாத்தா பேரனைக் கூட்டிப்போய் நிறுத்திக் காட்ட. கோனி ஐலண்டிலேயே 1962இல் வந்த ஆஸ்ட்ரோலேண்டின் ராக்கெட் ஒன்று, 2008இல் அந்தப் பூங்கா மூடியபின் பல வருடம் கிடங்கில் கிடந்து, 2014இல் வொண்டர் வீல் ராட்டினத்தின் அடிக்குத் திரும்பி வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சந்தை ராட்டினங்களுக்கும் சர்க்கஸுக்குமாகத் தனி ஆவணக் காப்பகமே 1994இலிருந்து இருக்கிறது.

இங்கே என் பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், நிர்வாகங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. அமெரிக்காவில் எழுபது, எண்பதுகளில் பழைய ராட்டினத்து மரக் குதிரைகளுக்கு ஏலத்தில் பைத்தியக்கார விலை வந்தது. முழு ராட்டினமாக விற்பதைவிடக் குதிரை குதிரையாக விற்றால் லாபம் என்று ஆனதும், ஓடிக்கொண்டிருந்த ராட்டினங்களையே கழற்றி விற்றார்கள். குதிரைகள் வீட்டு வரவேற்பறைக்குப் போயின, ராட்டினம் போயே போய்விட்டது. சேகரிப்பவர்களின் ஆசைதான் அதைச் செய்தது. அதனால் நாங்கள் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: ஓடுகிற ரைடிலிருந்து எதையும் கேட்பதில்லை, காசு கொடுத்துக் கழற்ற வைப்பதில்லை, எங்கிருந்து யார் கொடுத்தது என்று எழுதாமல் எதையும் வாங்குவதில்லை. இதை மீறுகிற யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் விரட்டிவிடுங்கள்.

சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா, கெடாமல் இருக்க வேண்டுமே. உங்கள் ஆபீஸில் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம்தான் அதிகம் கெடுக்கிறது, லேமினேஷன். பழைய டிக்கெட்டையும் போட்டோவையும் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். மலிவான பிவிசி ஆல்பத்தில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் போட்டோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத தாளில் வைத்து, பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2015 வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்களை எத்தனை வீடுகளில் தூக்கிப் போட்டோம்! ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஸ்டுடியோ பிரிண்டுகளைக் காய்ந்தபின் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டுத் தானாக விலகும்போது எடுத்துக் கொடியில் போட வேண்டும். அப்படிப் பல படங்கள் பிழைத்திருக்கின்றன. உங்கள் பூங்காவின் பழைய விளம்பர விஎச்எஸ் கேசட்டுகள் எங்காவது இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டால் மீட்பது கஷ்டம், ஓட்டிப் பார்க்கும் டெக் கிடைப்பதும் அருகிவிட்டது.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. பழைய ரைடின் பாகம் வெளியே போய், யாராவது அதை மறுபடி ஓட்டி, அடிபட்டால் கேஸ் உங்கள் மேல் வரும் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். மோட்டார், பேரிங், லாக், ஓட்டத்துக்குத் தேவையான எதையும் கொடுக்காதீர்கள், காட்சிக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். விபத்து நடந்த ரைடு என்றால் விசாரணை முடியும்வரை அதன் ஆணியைக்கூட நாங்கள் கேட்கக் கூடாது, கேட்க மாட்டோம். பழசைக் காட்டினால் பூங்கா பழசு என்று பெயர் வந்துவிடும் என்று ஒரு மேனேஜர் சொன்னார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா அம்மா சின்ன வயதில் உட்கார்ந்த வாத்து வாசலில் நின்றால், பிள்ளையைக் கூட்டிவந்து அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்காமல் யார் போவார்கள்?

பொருட்காட்சிக் காண்ட்ராக்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டோரா டோரா, கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டாஷிங் கார், மரணக் கிணறு என்று லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போகும் உங்களிடம்தான் பூங்காக்காரர்களைவிடப் பழைய சரக்கு இருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கும் மேலே மேலே பெயின்ட் அடிக்கிறீர்கள், அது தொழில், அடித்துத்தான் ஆக வேண்டும். அடிப்பதற்கு முன் செல்போனில் நான்கு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மரணக் கிணற்றில் பைக் ஓட்டியவர்கள், கை ராட்டினம் சுற்றியவர்கள் வயதாகி ஊரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய எங்களுக்கு அறிமுகம் மட்டும் செய்துவையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா போர்டு எழுதும் ஓவியர். பழைய புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்து, இன்றைக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நாடக நோட்டீஸுக்கு அங்கே மரியாதை இருக்கும்போது ஜெயன்ட் வீல் நோட்டீஸுக்கும் எங்காவது ஒரு இடம் கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இலிருந்து இருக்கிறது, அங்கே ஒரு சின்ன அறை, ஒரு கோடை விடுமுறைக்கு மட்டுமாவது, பூங்காப் பொருட்களுக்கு என்று ஒதுக்கச் சொல்லி நாங்கள் கேட்கத்தான் போகிறோம். அப்போது உங்கள் பூங்காவின் பெயரில் வைக்க ஏதாவது வேண்டும்.

லாரி வாடகை எங்களுடையது, இறக்குகூலி எங்களுடையது. வாங்கியதற்கு ரசீது தருவோம், பின்னால் நீங்களே ஒரு காட்சியறை வைத்தால் திருப்பியும் தருவோம். அடுத்த கோடை சீசனுக்கு முன்னால் பராமரிப்பு வேலை ஆரம்பிப்பீர்கள். கழற்ற வேண்டியவை என்று உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் எழுதும் அந்தப் பட்டியலின் ஒரு நகலை, வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
பழைய பூங்காப் பொருட்களைச் சேர்த்து வைக்கும் ஒருவன்